பாதத்தின் நோவும் பைபுரோமயால்சியா நோயும்

நோ, உளைவு, கடுப்பு, எரிவு, விறைப்பு, குத்து எனக் காலின் துன்பத்தை வகைப்படுத்திக் கூற ஈழத்தமிழர் வழக்கிற் சொற்கள் பல உள. நோ என்பது ஓரிடத்தைச் சுட்டிக் காட்டக் கூடியது. உளைவு அங்ஙனமன்று, அது பரந்து நின்று உள்ளே கிடந்து வருத்துவது. எரிவு தோலோடு ஒட்டியது. விறைப்பு உணர்ச்சி குன்றிய நிலை. இவற்றின் வேறுபாட்டை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் ஒரு முதியவளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. "கால் முழுக்க உளையுது, உள்ளங்கால் எரியுது, காலமை எழும்பி நிலத்தில கால் வைக்க ஏலாமல் கிடக்குது" என அவள் ஒரே மூச்சிற் கூறும்போது மூன்று வேறு செய்திகளைக் கூறுகின்றாள். அக்கூற்று நோயாளர் குறிப்பேட்டை அடையும்போது மூன்றும் 'கால் வலி' என்னும் ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றன. பின்னர் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கப்படுகின்றது, குருதி சோதிக்கப்படுகின்றது, இரண்டிலும் குறை காணப்படாவிடின் 'ஒன்றுமில்லை' என்னும் விடை கிடைக்கின்றது. வீட்டாரும் அவ்விடையையே பற்றிக்கொள்கின்றனர்.

இங்ஙனம் 'ஒன்றுமில்லை' எனப்பட்டோருள் ஒரு பகுதியினர் பைபுரோமயால்சியா என்னும் நோய்க்கு ஆளானோர். நார், தசை, நோவு ஆகிய மூன்றையும் குறிக்கும் இலத்தீன், கிரேக்கச் சொற்கள் கூடி அமைந்தது இப்பெயர். உடலெங்கும் மூன்று மாதத்திற்கு மேலாக நீடிக்கும் நோவு, உறங்கியும் தீராத சோர்வு, மறதியும் மனத்தெளிவின்மையும், ஒளி ஒலி முதலியவற்றைத் தாங்க மாட்டாமை என்பன இதன் குறிகள். ஆடவரினும் பெண்டிரிடையே இது மிகுதி. உலக மக்களுள் நூற்றுக்கு இருவர் முதல் நால்வர் வரை இதனால் வருந்துவர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

நோய் பழையது, பெயர்தான் புதியது. 1904ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவரான சேர் வில்லியம் கவர்ஸ், தசையை மூடிய நாரிழையத்தில் அழற்சி உண்டாவதே இத்தகைய நோவுக்குக் காரணமெனக் கருதி 'பைபுரோசைற்றிசு' என ஒரு பெயரிட்டார். அழற்சியைத் தேடியவர்கள் அதனைக் காணவில்லை. ஆதலின் 1976இல் அமெரிக்க மருத்துவர் கேலர் எஞ்சு என்பார், அழற்சி என்னும் பொருளை நீக்கி நோவு என்னும் பொருளை வைத்து இப்போதைய பெயரை வழங்கினார். (மூட்டு அழற்சியைத் தணிக்கும் கோட்டிசோனுக்காக 1950இல் நோபெல் பரிசு பெற்றவர் இவருடைய தந்தையாரே. அழற்சியை வென்றவரின் மகன் அழற்சியில்லா நோவுக்குப் பெயர் சூட்டியது வியப்பே.) 1981இல் முகம்மது யூனுசு என்னும் மருத்துவர் நோயாளரையும் நோயற்றோரையும் ஒப்பிட்டு ஆராய்ந்து இந்நோயின் குறிகளை முறைப்படுத்தினார்.

1990இல் அமெரிக்க வாதநோயியற் கல்லூரி இதனை அறிதற்கு ஒரு விதி வகுத்தது. உடலில் 18 இடங்கள் குறிக்கப்பட்டன. ஏறத்தாழ 4 கிலோகிராம் விசையுடன் விரலால் அழுத்தும்போது அவற்றுள் 11 இடங்களிலேனும் நோவு தோன்றல் வேண்டும். பிடரி, கழுத்து, தோள், நெஞ்சு, முழங்கை, இடுப்பு எனச் செல்லும் அப்பட்டியல் முழங்காலோடு முடிவடைகின்றது. பாதத்தில் ஓரிடமேனும் குறிக்கப்படவில்லை. 2010இல் அழுத்திப் பார்க்கும் முறை கைவிடப்பட்டு, உடலை 19 பகுதிகளாக வகுத்து எவ்வெப்பகுதியில் நோவுண்டு என வினாவும் முறை வந்தது. அதிலும் கீழ்க்கால் உண்டு. பாதம் எனத் தனியே ஒன்று இல்லை. வரைபடத்தில் இல்லாத ஊருக்கு எவரும் வழி கேட்பதில்லை. நோயாளி சப்பாத்தைக் கழற்றாமலே சோதனை முடிந்துவிடக் கூடிய நிலை இதனால் உண்டாயிற்று. பாதத்தின் துன்பத்தை அளப்பதற்கு வேறொரு கருவி இல்லாமலில்லை. 1991இல் வெளிவந்த 'பாதத் தொழிற்பாட்டுச் சுட்டி' என்னும் வினாத்தொகுதி நோவு, இயலாமை, செயற்குறைவு ஆகியவற்றை 23 வினாக்களால் அளவிடுகின்றது. அதுவோ முதன்முதல் மூட்டுவாதக்காரருக்காக ஆக்கப்பட்டது.

எக்ஸ் கதிரிற் காணப்படாத நோவு எங்கே பிறக்கின்றது என்பதே இந்நோயின் முதன்மையான வினா. காலில் ஒரு முள் தைத்தால் அச்செய்தி நரம்பு வழியாக முண்ணாணை அடைந்து, அங்கிருந்து மூளைக்குச் செல்கின்றது. முண்ணாண் வெறும் கம்பியன்று; வருஞ் செய்தியைப் பெருக்கவும் தணிக்கவும் வல்ல ஒரு வாயில். 1983இல் கிளிபோட் வூல்பு என்னும் ஆய்வாளர், காயம் ஒன்றன்பின் முண்ணாணிலுள்ள நரம்புக் கலங்களே கூருணர்வு பெற்று, சிறு தொடுகையையும் நோவாக மாற்றிவிடக் கூடும் எனக் காட்டினார். பைபுரோமயால்சியா நோயாளரிடத்து இத்தகைய பெருக்கம் நிலைபெற்று விடுகின்றது என்பதே இன்று பெரும்பாலார் கொள்கை. நோவைக் கடத்தும் 'சப்ஸ்டன்ஸ் பீ' என்னும் பொருள் இவர்தம் மூளைய முண்ணாண் பாய்பொருளில் மிகுந்திருத்தலும் கண்டறியப்பட்டுள்ளது. உறக்கமும் இதனோடு தொடர்புடையது. 1975இல் கனடாவில் மொல்டோவ்ஸ்கி என்பாரும் அவர்தம் குழுவினரும் நலமுள்ளோரின் ஆழ்ந்த உறக்கத்தை மட்டும் கலைத்துவர, அவர்களுக்கும் தசைநோவும் அழுத்தந் தாங்காமையும் உண்டாயின.

ஆயினும் எல்லாம் மூளையின் மாயமே எனத் தள்ளிவிடவும் இயலாது. 2013இல் செருமனியின் வூர்ஸ்பேர்க்கிலும் அமெரிக்காவின் பொஸ்ரனிலும் இந்நோயாளரின் தோலிற் சிறு துணுக்கெடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தனர். பொஸ்ரன் ஆய்வில் கீழ்க்காலின் தோலே எடுக்கப்பட்டது. சோதிக்கப்பட்டோருள் ஐந்தில் இருவர் அளவினரிடத்து நுண்ணிய நரம்பிழைகள் குறைந்திருந்தன. சூட்டையும் எரிவையும் உணர்த்துபவை அவ்விழைகளே. உள்ளங்கால் எரிகின்றது என்ற முதியவளின் சொல்லுக்கு முதன்முறையாக ஒரு சான்று கிடைத்தது எனலாம். 2021இல் இலண்டன் மன்னர் கல்லூரியைச் சேர்ந்தோர் இந்நோயாளரின் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகளைச் சுண்டெலிகளுக்கு ஏற்ற, அவையும் அழுத்தத்தையும் குளிரையும் தாங்காத நிலையை அடைந்தன. இவ்வாராய்ச்சிகள் இன்னும் முடிவடைந்தனவல்ல. ஆனால் 'மனப்பிரமை' என்னும் சொல்லைக் கூசாது வழங்கும் உரிமையை அவை பறித்துவிட்டன.

இனிப் பாதத்தின் தொழிலை நோக்குதல் வேண்டும். ஒவ்வொரு பாதத்திலும் 26 என்புகள் உள. அவை தட்டையாக அடுக்கப்படாமல் வில்லாக வளைந்து அமைந்துள்ளன. குதிக்கால் என்பிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்த்தகடு நாண்போல் நீண்டு அவ்வில்லைத் தாங்குகின்றது. நடக்கையிற் குதிக்கால் எழும்போது விரல்கள் மேல்நோக்கி மடிகின்றன. நார்த்தகடு விரலடியைச் சுற்றி இழுபட, வில் உயர்ந்து பாதம் விறைத்த நெம்புகோலாக மாறுகின்றது. நங்கூரக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கப்பலுருளைக்கு இதனை ஒப்பிட்டு 1954இல் விளக்கியவர் இக்சு என்னும் ஆங்கில மருத்துவர். துறைமுகத்தின் அயலில் வாழும் கொட்டாஞ்சேனையார்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். உறங்கும்போது சுருங்கிக் கிடந்த நார்த்தகடு, எழுந்து வைக்கும் முதலடியில் திடீரென இழுபடுவதாலேயே குதிவாதம் எனப்படும் நோவு காலையிற் கொடிதாயிருக்கின்றது. நலமுள்ள ஒருவர்க்கு நாலடி நடந்ததும் அது தணியலாம். முண்ணாணின் வாயில் திறந்தே கிடக்கும் நோயாளிக்கு அதே சிறு இழுப்புப் பெருநோவாகின்றது.

உடலை முன்னோக்கித் தள்ளுவது கெண்டைத்தசையின் தொழில். 2005இல் வெளிவந்த கனேடிய ஆய்வொன்று, இந்நோயுற்ற பெண்கள் நடக்கும்போது கெண்டைத்தசையாற் பாதத்தை ஊன்றித் தள்ளுவதைக் குறைத்து, இடுப்புத் தசையாற் காலைத் தூக்கி முன்வைக்கின்றனர் எனக் கண்டது. பார்வைக்கு அந்நடையில் வேறுபாடு தெரிவதில்லை. ஆனால் தள்ளி நடப்பதினும் தூக்கி நடப்பது களைப்பு மிக்கது. பாதத்தைக் காக்க எண்ணி உடல் தானே வகுத்துக்கொண்ட இவ்வழி சோர்வை மிகுவிக்கின்றது. சோர்வு நடையைக் குறைக்கின்றது. நடை குறையக் கெண்டைத்தசை மேலும் நலிகின்றது.

பாதத்தின் துன்பத்தை ஆராய்வதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனியிடம் உண்டு. பர்மாப் போர்க்காலத்தில் இந்தியச் சிப்பாய்களிடையே கண்ட பாத எரிவைக் கிரியேர்சன் என்னும் மருத்துவர் 1826இல் எழுதி வைத்தார். நூற்றிருபது ஆண்டுகளின் பின், சேலத்திற் பிறந்து சென்னையிற் பயின்ற கொலத்தூர் கோபாலன், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுகூடத்திலிருந்து அதே எரிவை ஆராய்ந்தார். வறியோரிடையே காணப்பட்ட அந்நோய்க்குப் பீ வகை உயிர்ச்சத்துகளுள் பந்தோதெனிக்கமிலம் பயன் தந்ததாக 1946இல் அவர் எழுதினார். இன்று அந்நோய் இருவர் பெயராலும் வழங்குகின்றது. கோபாலன் 2019 வரை வாழ்ந்தவர். அவர் கண்ட நோயும் பைபுரோமயால்சியாவும் ஒன்றல்ல. எனினும், ஏழைப் பெண்ணொருத்தி கால் எரிகின்றது என்றால் அதற்கொரு காரணம் இருத்தல் வேண்டும் என எண்ணித் தேடியதே அவர் செய்த பெருஞ் செயல்.

மற்றொருவர் கொல்லிமலையில் 1914இற் பிறந்த போல் பிராண்டு. 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகால்களைச் சீர்செய்த இவர், பாதங்கள் அழுகிப்போவது கிருமியினால் மட்டுமன்று, நோவு இல்லாமையினாலேயே என நிறுவினார். நோவை உணராதவன் கல்லையும் ஆணியையும் மிதித்து நடப்பான். புண் வந்தபின்னும் நடப்பான். நோவு ஒரு காவலன் என்பது அவர் கண்ட முடிபு. பைபுரோமயால்சியாவில் நிகழ்வது இதன் மறுதலை. கள்வன் வராத இரவிலும் காவலன் ஓயாது கூவுகின்றான். உணர்விழந்த பாதங்களுக்கெனப் பரவிய நுண்துளை இறப்பர்ச் செருப்பை இன்று தமிழ்நாட்டில் 'எம்.சி.ஆர். செருப்பு' எனக் குதிவாதக்காரரும் வாங்கி அணிகின்றனர். நோவற்ற காலுக்கு அமைந்த பாதணி நோவு மிக்க காலுக்கும் உதவுகின்றது. இரண்டிலும் வேண்டப்படுவது அழுத்தத்தைப் பரப்புதலே.

கொழும்பில் இந்நோயை நோக்குமிடத்து ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பாத எரிவெல்லாம் பைபுரோமயால்சியா அன்று. நீரிழிவு மலிந்த நகரம் இது. நீரிழிவால் நரம்பு கெட்டாலும் உள்ளங்கால் இரவில் எரியும். அங்கே எரிவோடு விறைப்பும் கூடி நிற்கும். 10 கிராம் விசையுள்ள மெல்லிய இழையாற் பாதத்தைத் தொட்டால் உணர்வு குன்றியிருத்தல் தெரியும். மரக்கறியுணவே கொள்வோரிடத்துப் பீ12 உயிர்ச்சத்துக் குறைவும் இவ்வாறே எரிவைத் தரும். தைரொயிட்டுச் சுரப்புக் குறைந்தால் உடலுளைவும் சோர்வும் வரும். மூட்டுவாதம் பலர்க்குப் பாதவிரல்களின் அடிமூட்டிலேயே தொடங்கும். அங்கே வீக்கம் காணப்படும். இவற்றையெல்லாம் ஆராயாது பெயரிடுவது பெருந்தவறு. பைபுரோமயால்சியா எனப் பெயரிட்டபின் புதிதாகத் தோன்றும் எந்நோவையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடுதல் அதனினும் பெருந்தவறு. ஒருத்திக்கு இரு நோய்களும் ஒருங்கே இருத்தல் கூடும். தேசிய வைத்தியசாலையின் வாதநோய்ப் பிரிவும் ராகமையிலுள்ள வாதநோய், புனர்வாழ்வு வைத்தியசாலையும் இத்தகையோரை நோக்குதற்கு உரிய இடங்கள்.

மருத்துவத்தைப் பொறுத்தவரை மருந்தின் பங்கு சிறிதே. 2007க்கும் 2009க்கும் இடையில் அமெரிக்க அரசு பிரீகபலின், டியூலொக்செற்றின், மில்னசிப்பிரான் என்னும் மூன்றை இந்நோய்க்கென ஏற்றது; ஐரோப்பிய மருந்து முகமை அவற்றை இந்நோய்க்கு ஏற்கவில்லை. 2017இல் ஐரோப்பிய வாதநோயியலார் வெளியிட்ட பரிந்துரையில், உறுதியாக வற்புறுத்தப்பட்டது உடற்பயிற்சி ஒன்றுமட்டுமே. இங்கேதான் பாதம் முதன்மை பெறுகின்றது. 'நடவுங்கள்' என்பது மருத்துவர் கட்டளை, நடக்கவிடாதது பாதம். பாதத்தைச் சோதியாமல் நடைப்பயிற்சியை விதிப்பது, அச்சு முறிந்த வண்டிக்கு மேலும் ஒரு மாட்டைப் பூட்டுவதை ஒக்கும்.

ஆதலின் முதலில் அடிக்கு மெத்தென்ற தாங்கல் வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வீட்டுவாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுத்தளத்திலும் சீமெந்துத்தளத்திலும் நாள் முழுதும் வெறுங்காலோடு நிற்பதே வழக்கம். வீட்டினுள் மட்டும் அணிவதற்கென வேறொரு மென்செருப்பு வைத்துக்கொள்வது ஆசாரத்திற்கு மாறானதன்று. படுக்கையை விட்டு எழுமுன் கால்விரல்களைக் கையாற் பற்றிச் சிறிது நேரம் மேல்நோக்கி இழுத்தல் முதலடியின் நோவைத் தணிக்கும். கெண்டைத்தசையைச் சுவரிற் கையூன்றி நீட்டிப் பயிலலாம். நடையை மறைன் டிரைவில் ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்கி, நலமான நாளில் மிகுதியாக நடந்து மறுநாட் படுக்கையிற் கிடக்காமல், வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுதல் தகும். தண்ணீரினுள் நடப்பது பாதத்திற் சுமையைக் குறைக்குமாதலின் வாய்ப்புள்ளோர்க்கு அது மிக நன்று.

கோயிலுக்குச் செல்வோர் நிலை சற்றுச் சிக்கலானது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்து 1912இற் குடமுழுக்குக் கண்ட கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்திற் செருப்போடு வலம்வருதல் எவர்க்கும் இயலாது, வேண்டுவாருமில்லை. வெயில் ஏறுமுன் செல்வதும், மூன்று முறை வலம் வருமிடத்து ஒரு முறையோடு அமைந்து மண்டபத்தில் இருப்பதும், உடன் செல்லும் மகனோ மருமகளோ அதுபற்றி முகஞ்சுளியாதிருப்பதும் அத்தகையோர்க்குப் போதுமானவை.