குவாஜா உபைதுல்லா அஹ்ரார் அடக்கத்தலம்
சமர்க்கந்து, உஸ்பெகிஸ்தான்

நக்‌ஷபந்தி சூஃபி தரீக்காவின் ஷெய்கு குவாஜா அஹ்ரார் (1404–1490) இங்கே அடங்கியிருக்கிறார். அருகிலுள்ள மத்ரஸா 1630களில் கட்டப்பட்டது.

அரசவையை விட்டு விலகியிருப்பதே சூஃபிகள் பலரின் வழக்கம். அஹ்ராரின் வழி வேறு. அரசர் மனம் மாறினால் குடிகளின் துன்பம் குறையும், ஷரீஅத் நிலைபெறும் என்று அவர் கருதினார். இவர் ஏழைத் துறவியும் அல்லர், பெரும் நிலவுடைமையாளர்.

மங்கோலியர் காலம் தொட்டு வணிகத்தின் மீது ‘தம்கா’ என்ற வரி இருந்தது. ஷரீஅத்தில் அதற்கு இடமில்லை. அஹ்ராரின் வற்புறுத்தலால் தைமூரிய அரசர் அபூ சயீது 1460 வாக்கில் சமர்க்கந்திலும் புகாராவிலும் அதை நீக்கினார்.

ஹெராத்திலிருந்த தைமூரிய அரசவைக்கு அஹ்ரார் தம் கையால் எழுதிய கடிதங்கள் தாஷ்கந்தில் உள்ளன. பெரும்பாலானவை சில வரிகளே: கடிதம் கொண்டுவருபவருக்கு உதவுங்கள், இவருடைய வரிச்சுமையைக் குறையுங்கள் என்பது போன்ற பரிந்துரைகள். வேண்டுகோளாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் தட்டிக்கழிப்பது எளிதாக இருந்திராது.

அபூ சயீதின் பேரரே பாபர். அஹ்ரார் இயற்றிய ‘ரிசாலா-இ வாலிதிய்யா’வை பாபர் 1528இல், இந்தியாவில் நோயுற்றிருந்தபோது, துருக்கியச் செய்யுளாக்கினார்.