ஒரே முதுகில் இரண்டு வலிகள்

விடியற்காலையில் பிரட்டுக்குப் புறப்பட எழும்போது முதுகு மரக்கட்டைபோல் விறைத்திருப்பதாகத் தோட்டத்து இளைஞர் சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நிரையில் இறங்கிச் சில மரங்களை வெட்டி நடமாடிய பின்னர் விறைப்பு மெல்லத் தளர்கின்றது. பிற்பகலில் படுத்து எழுந்தாலோ மீண்டும் பிடித்துக்கொள்கின்றது. உழைப்பால் வந்த வலி உழைக்கும்போது கூடி ஓய்வில் குறையும். இதுவோ நேர்மாறாக நடக்கின்றது. மருத்துவர் முதலில் கவனிக்கும் அடையாளம் இதுவே.

முதுகெலும்பிலும், அது இடுப்பெலும்புடன் சேரும் மூட்டுகளிலும் உண்டாகும் இந்த அழற்சி வாதத்திற்கு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்று பெயர். பெரும்பாலும் 45 வயதுக்கு முன்னரே தொடங்கிவிடும். பின்னிரவில் வலியால் விழிப்பு வரும். பிட்டத்தில் இடமும் வலமுமாக வலி மாறும். காலை விறைப்பு அரைமணி நேரத்திற்கு மேலும் நீடிக்கும். கவனியாமல் விட்டால் சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, குனியவும் கழுத்தைத் திருப்பவும் இயலாமற் போகும். எச்.எல்.ஏ.-பி27 என்னும் மரபுக்கூற்றுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1973-இல் வெளிப்பட்டது. ஆயினும் அக்கூறு உடையவருள் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதில்லை.

இந்நோய்க்கு மருந்து உண்டு நலமடைந்து வருபவர் சிலர், “முதுகு பரவாயில்லை, ஆனால் தோள், கை, தொடை எல்லாமே வலிக்கின்றன. எவ்வளவு உறங்கினாலும் அசதி போகவில்லை” என்பர். வீட்டிலும் வேலைக்காட்டிலும் அவருக்குக் கிடைக்கும் பெயர் சோம்பேறி. அது பெருந்தவறு. பைப்ரோமயால்ஜியா என்னும் மற்றொரு நோய் அவரைப் பற்றியிருக்கலாம். இதில் மூட்டு வீங்காது, எலும்பு கெடாது, இரத்தச் சோதனையிலும் ஒன்றும் தெரியாது. வலியை உணர்த்தும் நரம்பமைப்பே, ஒலியைக் கூட்டிவைத்த வானொலியைப்போல், சிறு வலியையும் பெரிதாக்கிக் காட்டுகின்றது. வலி மெய்யானதே. நெடுநாள் அழற்சியும் கெட்ட உறக்கமும் இதற்கு வழி திறக்கின்றன. முதுகெலும்பு வாதம் உடையவர் பத்துப் பேரில் ஓரிருவருக்கு இதுவும் சேர்ந்திருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன.

இரண்டையும் பிரித்தறியாவிட்டால் என்ன கேடு? முதுகெலும்பு வாதத்தின் கடுமையை அளக்க, இங்கிலாந்தின் பாத் நகர மருத்துவர்கள் 1994-இல் ஆறு கேள்விகளை வகுத்தனர். பத்துக்கு நான்கும் அதற்கு மேலும் வந்தால் நோய் முனைப்பாக உள்ளதெனக் கொள்வர். ஆனால் அசதி எவ்வளவு, தொட்டால் வலிக்கின்றதா என்பனவும் அக்கேள்விகளுள் அடங்கும். பைப்ரோமயால்ஜியாவும் அந்த எண்ணை உயர்த்திவிடும். மருந்து பயன்தரவில்லை என்றெண்ணி, வேலை செய்துகொண்டிருக்கும் நல்ல மருந்தை மாற்றிவிட நேரும். மாறாக, எல்லாம் பைப்ரோமயால்ஜியா என்று ஒதுக்கிவிட்டால், உள்ளே அழற்சி முதுகெலும்பைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். பெண்கள் இவ்வாறு ஒதுக்கப்படுவது மிகுதி. முதுகெலும்பு வாதம் ஆண்களின் நோய் என்ற பழைய எண்ணம் இன்னும் முற்றாக மறையவில்லை. அழற்சி இருந்தும் இரத்தச் சோதனை சரியாகவே காட்டுவதுண்டு என்பதால், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. படமும் எடுப்பர். மற்றொரு நோய் இருப்பதால் பைப்ரோமயால்ஜியா இல்லையென்று கூறலாகாது என்பதை 2016-இல் திருத்தப்பட்ட நோயறி விதிகள் தெளிவுபடுத்தின.

மருந்தும் வேறு வேறு. அழற்சி தணிக்கும் மாத்திரைகளும், அவை போதாதவிடத்து டி.என்.எஃப். என்னும் பொருளைத் தடுக்கும் ஊசிகளும் முதுகெலும்பு வாதத்திற்கு உரியவை. ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனை செய்வர். பைப்ரோமயால்ஜியாவிற்கு இவை பயன்படா. உறக்கத்தைச் சீராக்கலும், சிறு அளவில் அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தும் சிலருக்கு உதவும். இரண்டிற்கும் பொதுவானது உடற்பயிற்சி. நாளெல்லாம் மரம் வெட்டுபவருக்கு அது எதற்கு என்று கேட்கலாம். அடிப்பட்டையை வெட்டுவது முதுகை முன்புறமே வளைக்கின்றது. பயிற்சியோ அதனை நிமிர்த்துவது. குப்புறப் படுத்தல், மார்பு விரிய மூச்சிழுத்தல், நடத்தல், நீந்துதல் ஆகியன நல்லவை. பைப்ரோமயால்ஜியா உள்ளவர் பத்து நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். புகைப்பழக்கம் முதுகெலும்பு வாதத்தைக் கடுமையாக்கும்.

செர்காம் வட்டாரத்தினர் மெர்லிமாவ் அரசாங்க மருந்தகத்தையோ ஜாசின் மருத்துவமனையையோ நாடலாம். “உடம்பு வலி” என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மாதமாக, எந்த நேரத்தில், நடந்தால் குறைகின்றதா, உறக்கம் எப்படி என்று பிரித்துச் சொல்லுங்கள். ஒரு கண் திடீரெனச் சிவந்து வலித்து, வெளிச்சம் கூசினால் அன்றே செல்லுங்கள். முதுகெலும்பு வாதத்துடன் வரும் கண் அழற்சி பார்வையைக் கெடுக்கக்கூடும். சந்தையில் விற்கும் பெயரறியா மூட்டுவலி மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துள்ளது. அவற்றை ஏற்கெனவே உண்டு வருபவர் திடீரென நிறுத்தாமல், மாத்திரையையே கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

நோய் முற்றி, வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கும் ஈட்ட இயலாதவர், 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பெர்க்கேசோவிடம் இயலாமை ஓய்வூதியம் கோரலாம். சந்தா நிபந்தனைகள் நிறைவாகியிருக்க வேண்டும். மருத்துவக் குழு பார்த்து முடிவுசெய்யும். ஆகவே மருந்தக அட்டை, படங்கள், சோதனைத் தாள்கள் அனைத்தையும் முதல் நாளிலிருந்தே ஓர் உறையில் போட்டு வைத்திருங்கள்.