தோட்டத்தில் கரி அடுப்பு: கோடையில் மூட்டும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டால் ராசிபுரத்தைச் சுற்றியுள்ள தோட்டத்து வீடுகளுக்கு உறவுக்காரப் பிள்ளைகள் வந்து இறங்கிவிடுவார்கள். முன்பெல்லாம் நாட்டுக்கோழி அடித்து மிளகு அரைத்துக் குழம்பு வைத்தார்கள். இப்போது பிள்ளைகள் கேட்பது பார்பிக்யூ. இரும்புப் பட்டறையில் சொன்னால் பழைய டிரம்மை நெடுக்காகப் பிளந்து, கால் வைத்து, மேலே கம்பி வலை போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வெயில் தாழ்ந்ததும் மாமன் மச்சான்கள் சேர்ந்து, வேப்ப மரத்தடியிலோ மொட்டை மாடியிலோ அடுப்பை மூட்டி, கறி வேகும் வரை கதை பேசுவது நல்ல பொழுது. அதைக் கைவிடச் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த அடுப்பைச் சுற்றி உயிர் போன சம்பவங்கள் நம் மாநிலத்திலேயே நடந்திருக்கின்றன. கெட்டது நடந்த பிறகு சட்டம் என்ன தருகிறது, அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதும் பலருக்குத் தெரியவில்லை.

முதலில் வானம். இந்திய வானிலை ஆய்வு மையம் கோடை தொடங்கும் முன்பே ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான கணிப்பை வெளியிடுகிறது. வெப்பம் வழக்கத்தைவிடக் கூடுமா, குறையுமா என்பது போன்ற பொதுப் போக்கைத்தான் அது சொல்லும். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மழை வருமா என்று தெரிய, அன்றைய மாவட்ட முன்னறிவிப்பையும் அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். மையத்தின் ‘மௌசம்’ செயலியிலும், தமிழக அரசின் ‘டிஎன் அலர்ட்’ செயலியிலும் இவை கிடைக்கின்றன. மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயார்நிலை, சிவப்பு என்றால் உடனடி நடவடிக்கை.

சேலம், நாமக்கல், கரூர் பரமத்தி வட்டாரத்தில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி செல்சியஸ் தொடுவது புதிதல்ல. சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரிக்குக் குறையாமல் இருந்து, வழக்கத்தைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் கூடினால் அதை வெப்ப அலை என்கிறார்கள். அப்படிப்பட்ட நாளில் கனலுக்கு முன் ஒரு மணி நேரம் நிற்பவருக்கு வெயிலும் நெருப்பும் சேர்ந்தே தாக்கும். வயதானவர்களையும் குழந்தைகளையும் அடுப்பருகே உட்கார வைக்காதீர்கள். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நிழலுக்கு அழைத்துப் போய்த் தண்ணீரோ மோரோ கொடுங்கள். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது வெப்ப பாதிப்பின் உச்சம். உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தபடியே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இறப்புக்கு வெப்பமே காரணம் என்று உரிய அதிகாரியின் சான்று இருந்தால்தான் அந்தப் பணம் வரும். ‘மயங்கி விழுந்தார், போய்விட்டார்’ என்று அன்றைக்கே காரியத்தை முடித்துவிட்டால் சான்றுக்கு வழி இல்லாமல் போகிறது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பதிவு செய்வதும், கிராம நிர்வாக அலுவலருக்கும் தாசில்தார் அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவிப்பதும், அந்தத் துக்கத்திலும் யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டிய வேலைகள்.

நம் பக்கத்துக் கோடை மழைக்கு ஒரு வழக்கம் உண்டு. பகலெல்லாம் கொளுத்தும், பிற்பகலில் போதமலை, கொல்லிமலைப் பக்கம் மேகம் திரளும், மழைக்கு முன்னால் ஒரு காற்று புழுதியை வாரிக்கொண்டு அடிக்கும். அடுப்புக்கு ஆபத்து அந்தக் காற்றில்தான் இருக்கிறது. கம்பி வலைக்கு அடியில் அமைதியாகக் கிடக்கும் கனல் ஒரே வீச்சில் பொறியாகக் கிளம்பும். பக்கத்தில் கீற்றுக் கொட்டகை, வைக்கோல் போர், காய்ந்த கரும்புச் சோகை, தறிப்பட்டறையின் பஞ்சுக் கழிவு என்று எது இருந்தாலும் பற்றிக்கொள்ளும். இவற்றிலிருந்து விலகிய வெட்ட வெளியில் அடுப்பை வையுங்கள். ஒரு வாளித் தண்ணீரும் மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கரி பிடிக்கவில்லை என்று பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றவே கூடாது. அந்தச் சுடர் ஊற்றும் கையைத் தேடி வரும். இடி கேட்டுவிட்டால் மாடியை விட்டு இறங்குங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்ப ஏறக் கூடாது.

நெருப்பைக் கவனக்குறைவாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது பாரதிய நியாய சன்ஹிதா 287-ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். கொல்லிமலைக்குப் போகிற வழியில் காட்டோரம் வண்டியை நிறுத்தி அடுப்பு மூட்டும் பழக்கமும் பரவுகிறது. காப்புக்காட்டில் நெருப்பு மூட்டுவது வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் காட்டுப் புல்லில் பற்றிய தீ எவ்வளவு வேகமாக மலையேறும் என்பதை அன்று தமிழ்நாடே பார்த்தது.

இனி, நான் மிகவும் அஞ்சுவதைச் சொல்கிறேன். மழை தூறத் தொடங்கியதும் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? பாதி வெந்த கறியோடு அடுப்பை அப்படியே தூக்கி மாடிப்படி அறைக்குள்ளோ தகரக் கொட்டகைக்குள்ளோ வைத்துவிடுவார்கள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன திருச்சி இளைஞர்கள், தங்கிய இடத்தில் பார்பிக்யூ சமைத்தார்கள். கரி அடுப்பு அறைக்குள் இருக்க, அங்கேயே படுத்துத் தூங்கிய இருவர் காலையில் எழவில்லை.

கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். மூச்சுத் திணறல் வந்து எழுப்பிவிடும் என்று நம்பிப் படுக்க முடியாது. தூக்கம் அப்படியே மயக்கமாகிவிடும். சாம்பல் மூடி, அணைந்ததுபோல் தெரியும் கரிதான் இதில் ஏமாற்றுவது. மேலே வெளுத்திருக்கும், ஒரு குச்சியால் கிளறினால் உள்ளே சிவப்பு தெரியும். அது சிவந்திருக்கும் வரை அந்த வாயுவும் வந்துகொண்டே இருக்கும். ஒரு ஜன்னலைத் திறந்து வைப்பது போதாது. மழை வந்தால் கறியை மட்டும் உள்ளே எடுங்கள், அடுப்பு நனையட்டும்.

மூடிய இடத்தில் கரி எரிந்து யாருக்காவது தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வந்தால் எல்லோரும் உடனே வெளிக்காற்றுக்கு வர வேண்டும். மருத்துவமனையில் ‘கரிப் புகை அறைக்குள் இருந்தது’ என்ற ஒரு வாக்கியத்தை மறக்காமல் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இந்த நச்சைப் பிரித்துக் காட்டாது. அளவு சரியாக இருப்பதுபோலவே காட்டும்.

கறி விஷயத்தில் நாமக்கல்லுக்கே ஒரு காயம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் நகரின் ஓர் உணவகத்தில் வாங்கிய ஷவர்மாவைச் சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். அங்கே சாப்பிட்ட 40-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். கடைக்கு சீல் வைக்கப்பட்டது, கைதுகளும் நடந்தன. மாவட்டத்தில் ஷவர்மா, கிரில் விற்பனைக்குத் தற்காலிகத் தடையும் வந்தது. கோழிக்கும் முட்டைக்கும் நாடெங்கும் பெயர் பெற்ற மாவட்டத்தில் ஒரு குழந்தை கோழிக்கறியால் இறந்ததை எளிதில் மறக்க முடியாது.

கடைக்காரர் செய்யும் அதே பிழையை வீட்டிலும் செய்கிறோம். காலையில் வாங்கிய கறியில் மசாலா தடவி எவர்சில்வர் வாளியில் போட்டு, மூடி வைத்து, சாயங்காலம் வரை சமையல் மேடையிலேயே விட்டுவிடுகிறோம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் பச்சைக் கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. மே மாதத்தில் நம் சமையலறை அதைத் தாண்டித்தான் இருக்கும். ஊற வைப்பது ஃபிரிட்ஜுக்குள்தான் நடக்க வேண்டும். மேல்தோல் கருகி, தொடை மூட்டுக்குள் ரத்தச் சிவப்பு இருந்தால் கறி வேகவில்லை. நடுச்சதை 74 டிகிரி தொட வேண்டும். கம்பி போன்ற வெப்பமானி மலிவாகவே கிடைக்கிறது. கறி ஊறிய மசாலாவை வெந்த கறியின் மேல் தடவாதீர்கள். பச்சைக்கறி இருந்த தட்டில் சுட்டதை வைக்காதீர்கள். தொட்டுக்கொள்ளும் மயோனைஸிலும் கவனம் வேண்டும்: பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது.

கேஸ் அடுப்பில் கிரில் செய்பவர்களுக்கு ஒரு செய்தி. பதிவு பெற்ற சமையல் எரிவாயு வாடிக்கையாளர்களுக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள விபத்துக் காப்பீடு இருக்கிறது. நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. இறப்புக்கு நபருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு 2 லட்சம் வரை என்பது அதன் வரம்பு. விபத்து நடந்தால் முகவருக்கு உடனே எழுத்தில் தெரிவித்து, காவல் நிலையப் பதிவின் நகலையும் வாங்க வேண்டும். வாயுக் கசிவுக்கு அழைக்க வேண்டிய எண் 1906.

கடையில் வாங்கிய கிரில்லால் உடம்பு கெட்டால்? பாதிக்கப்பட்ட குடும்பங்கள் தோற்பது பெரும்பாலும் முதல் நாளிலேயேதான். பில்லைத் தூக்கிப் போட்டிருப்பார்கள், மீதியைக் கொட்டியிருப்பார்கள், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளித்திருப்பார்கள். பில் அல்லது பணம் செலுத்திய விவரம், மீந்த உணவு (மூடி ஃபிரிட்ஜில்), மருத்துவரின் சீட்டு ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்குப் புகார் அனுப்பலாம். கடையில் மாட்டியிருக்கும் 14 இலக்க உரிம எண்ணைப் படம் எடுத்துச் சேர்த்தால் நல்லது. வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது; உணவு தரமற்றது என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 65-ஆம் பிரிவில் இழப்பீட்டை வகுத்திருக்கிறது. இறப்புக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை. மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை. இறப்பு நேர்ந்தால் 30 நாளுக்குள் இடைக்கால நிவாரணமும் தர வேண்டும். பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் விற்றவருக்கு 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை.

இதற்கு அப்பால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ தங்கிய விடுதியின் குறையால் பாதிக்கப்பட்டாலும், ராசிபுரத்துக்காரர் நாமக்கல் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஆலோசனை கேட்க 1915 என்ற இலவச எண் இருக்கிறது. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் மனு போக வேண்டும். அதற்குள் பில்லின் எழுத்து மங்கிவிடும். கையில் வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.