முருகைக்கல் சொல்லும் கதை

நெடுந்தீவுக்குச் சென்ற சகோதரிகள் அங்குள்ள கல்வேலிகளைக் கண்டிருப்பீர்கள். முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள் அவை. அந்தக் கற்களை உற்றுப் பார்த்தால் பூப்போன்ற சிறு குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு சிற்றுயிர் குடியிருந்த வீடு.

முருகை உயிரியின் உடல் மிக மென்மையானது. அது கடல்நீரிலுள்ள கல்சியத்தை எடுத்துத் தன் அடியில் சுண்ணக் கிண்ணம் ஒன்றை அமைக்கிறது. பின்னர் சற்று மேலெழுந்து புதுத்தளம் இடுகிறது. பழைய தளம் கல்லாய்க் கீழே தங்குகிறது. இப்படி ஆயிரக்கணக்கான உயிரிகள் ஒட்டி வாழ்ந்து கட்டியதே பாறை. திரண்ட பாறையாக வளரும் இனங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே உயரும்.

இக்கல்லில் காலக்கணக்கும் உண்டு. ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகள் பழைமையான முருகை உயிர்ச்சுவடுகளில், நாளுக்கொன்றாகப் படிந்த நுண்வரிகளை அமெரிக்க அறிஞர் ஜோன் வெல்ஸ் எண்ணி 1963 இல் வெளியிட்டார். ஆண்டுக்குச் சுமார் 400 வரிகள்! அன்று பூமி இன்றைவிட வேகமாகச் சுழன்றதால் ஆண்டில் நாட்கள் அதிகம்.

கரைக்கு வரும் அலையின் வேகத்தைத் தணிப்பதும் முருகைப் பாறைதான். சுண்ணாம்புக்காக அதை உடைக்க ஒரு நாள் போதும். ஒரு முழ உயரம் மீண்டும் வளர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வேண்டும்.