புயல் மாதத்தில் சுற்றுலாவா? மருந்துப் பையை முதலில் கட்டுங்கள்!

“டாக்டர், அரைப் பரீட்சை லீவுக்கு ராமேஸ்வரம், திருச்செந்தூர் எல்லாம் போயிட்டு வரலாம்னு இருக்கோம். கார்த்திகைதான் முடிஞ்சு போச்சே, இனிமே மழை எங்கே வரப்போகுது?”

டிசம்பர் பிறந்துவிட்டால் என் மருத்துவமனையில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். ‘கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை’ என்று பெரியவர்கள் சொன்னார்கள்தான். ஆனால், நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள்.

தனுஷ்கோடியை அடியோடு அழித்த புயல் வீசியது 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோனது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30-ம் தேதி. புத்தாண்டு கொண்டாடப் பலரும் புதுச்சேரிக்குக் கிளம்பும் நேரம் அது! 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டியது புயல் மழைகூட அல்ல. வெறும் வளிமண்டலச் சுழற்சிதான். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. இந்த மூன்றுமே மார்கழியில் நடந்தவை.

அதற்காக வீட்டிலேயே முடங்கிக் கிடக்க வேண்டுமா? வேண்டாம். முன்யோசனையோடு போய் வரலாம்.

இரண்டு நாள் ரயிலிலேயே...

2023 டிசம்பர் 17-ம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பயணிகள். அவர்களில் பெரும்பாலானோர் 19-ம் தேதிதான் மீட்கப்பட்டார்கள். ஊர்க்காரர்கள் சமைத்துக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரிலும் உணவு வந்தது.

சோறு யாராவது கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் அதற்குக் குறைவில்லை. ஆனால் உங்கள் ரத்த அழுத்த மாத்திரையை, உங்கள் தாயாரின் இன்சுலினை, பிள்ளையின் வீசிங் மருந்தை யார் கொடுப்பார்கள்?

என்னிடம் வரும் ஒரு பெரியவர், நான்கு நாள் பயணத்துக்கு எண்ணி நான்கு நாள் மாத்திரை எடுத்துப் போனார். மழையில் மாட்டி, ஆறாம் நாள்தான் வீடு திரும்பினார். “ரெண்டு நாள்தானே டாக்டர்னு விட்டுட்டேன்” என்றார். வந்த அன்று பார்த்தால் ரத்த அழுத்தம் எக்கச்சக்கம்! நல்ல வேளை, விபரீதம் எதுவும் நடக்கவில்லை. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

மருந்துப் பை

* பயண நாட்களோடு கூடுதலாக ஒரு வாரத்துக்கான மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சூட்கேஸில் அல்ல, கைப்பையில். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, டாக்டர் சீட்டின் நகலையும் சேர்த்து வையுங்கள்.

* உபயோகத்தில் உள்ள இன்சுலின் பொதுவாகச் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு வாரம் வரை தாங்கும். கரண்ட் போனால் பதற வேண்டாம். வெயில் படாமல் வைத்தால் போதும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று உறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

* உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நான்கைந்து. கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடவே கூடாது.

* சுக்கு, மிளகு, ஓமம் கொஞ்சம். ஈரக்காற்றில் வரும் செரிமானக் கோளாறுக்கும் சளிக்கும் சுக்கு வெந்நீர் இதமாக இருக்கும். ஆனால், விடாத காய்ச்சலுக்கும் பேதிக்கும் இதையே நம்பி உட்காராதீர்கள்.

வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் நிறைமாத கர்ப்பிணிகளும் இந்தப் பருவத்தில் கடலோரப் பயணத்தைத் தள்ளிப் போடுவதே நல்லது. பாதை அடைபட்டால் அவர்களால் காத்திருக்க முடியாது.

கிளம்பும் முன்

ஐந்து நாட்களுக்கு முன்பிருந்தே வானிலை அறிக்கையைக் கேளுங்கள். ‘காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’ என்பது முதல் படி. அது ‘தாழ்வு மண்டலம்’, பிறகு ‘ஆழ்ந்த தாழ்வு மண்டலம்’ ஆகி, காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால் புயல். மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் தயார்நிலை. சிவப்பு என்றால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். போன பணத்தை அடுத்த மாதம் சம்பாதித்துக்கொள்ளலாம்.

“புயல் கரையைக் கடக்கிற ஊர் வேற, நாம போற ஊர் வேறதானே?” என்று கேட்காதீர்கள். நம் கடற்கரையில் புயல் கிழக்கிலிருந்து வருவதால், கரை கடக்கும் இடத்துக்கு வடக்கேதான் கடல்நீர் அதிகம் உள்ளே தள்ளப்படும். மலைப்பக்கம் போனாலும் தப்பித்தோம் என்று இல்லை. 2024-ல் ‘ஃபெஞ்சல்’ புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் மண் சரிந்து ஏழு பேர் இறந்தது கடலே இல்லாத திருவண்ணாமலையில்!

மாட்டிக்கொண்டால்...

தங்கிய இடம் உறுதியான கட்டடம் என்றால் அங்கேயே இருங்கள். காற்று திடீரென்று அடங்கினால், வேடிக்கை பார்க்க வெளியே ஓடாதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று திரும்ப அடிக்கும்.

கரண்ட் இல்லாவிட்டால் ஏ.டி.எம். வேலை செய்யாது, போனும் அணைந்துவிடும். கையில் ரொக்கமும், டார்ச்சும், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க்கும் அவசியம்.

குடிநீர் கலங்கலாக வந்தால், தேற்றான் கொட்டையைப் பாத்திரத்தில் இழைத்துத் தெளியவைப்பது நம் பழைய வழக்கம். ஒன்றை மறக்கக் கூடாது. தேற்றான் கொட்டை கலங்கலைத்தான் போக்கும். கிருமியை முழுதாகக் கொல்லாது. தெளிந்த நீரை நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே குடிக்க வேண்டும்.

காலில் புண் உள்ளவர்கள், முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகள், வெள்ள நீரில் இறங்கவே கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீர் புண் வழியே போனால் எலிக்காய்ச்சல் வரும். ஊர் திரும்பிய சில வாரத்துக்குள் காய்ச்சல், கடுமையான தசைவலி, கண் சிவப்பு வந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டி, “வெள்ளத்தில் நடந்தேன்” என்று மறக்காமல் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் பாம்பும் மேடு தேடி வரும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல், நேராக அரசு மருத்துவமனைக்கு! சித்த மருத்துவனான நானே சொல்கிறேன். விஷமுறிவு ஊசிதான் அங்கே உயிர் காக்கும்.

ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, மாநில உதவிக்கு 1070, ரயில் விவரத்துக்கு 139. இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி மருந்துப் பையிலேயே போட்டுவிடுங்கள்.

சாமி எங்கும் போய்விடாது. கடலும் அங்கேயேதான் இருக்கும். சிவப்பு எச்சரிக்கை வந்தால், பிள்ளைகளிடம் “தை பிறந்ததும் போகலாம்டா கண்ணு” என்று சொல்லிவிடுங்கள். தையில் வானம் வெளுத்திருக்கும். நீங்களும் நிம்மதியாகக் கடலாடிவிட்டு வரலாம்!