தாளிலிருந்து திரைக்கு: குற்றவழக்குத் தொடர்வுத் துறையில் ஒரு மாற்றம்

எழுத்து தங்கும் இடம் காலந்தோறும் மாறி வந்துள்ளது. கல், செப்பேடு, ஓலை, தாள் என்னும் வரிசையில் இன்று கணினித் திரை வந்து நிற்கிறது. பிற அலுவலகங்களில் இம்மாற்றம் பெரும்பாலும் வசதி பற்றிய செய்தியே. ஒரு மனிதனின் சிறைவாசமும் விடுதலையும் ஆவணங்களைச் சார்ந்து நிற்கும் குற்றவியல் நீதித் துறையிலோ அது உரிமை பற்றிய செய்தியாகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளின் பட்டறிவைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

துறையின் தோற்றம்

அங்கு முன்னர்க் குற்றத்தைப் புலனாய்வு செய்த காவல் துறையே பெரும்பாலான வழக்குகளை நடத்தியும் வந்தது. பிடித்தவரே வழக்கையும் நடத்துவது முறையன்று என்னும் கருத்து வலுப்பெற்றது. அரச ஆணைக்குழு ஒன்று 1981இல் இவ்விரு பணிகளையும் பிரிக்கப் பரிந்துரைத்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ‘கிரவுன் பிராசிகியூஷன் சர்வீஸ்’ 1986 முதல் இயங்கி வருகிறது. போதிய சான்று உண்டா, வழக்குத் தொடுப்பது பொதுநலனுக்கு உகந்ததா என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அத்துறையின் வழக்கறிஞர் வழக்கை முன்னெடுக்க வேண்டும்.

கட்டுகளின் காலம்

இப்பிரிவினை நன்மை தந்தது. கூடவே தாள்களின் பயணத்தையும் நீட்டியது. காவல் நிலையத்தில் உருவாகும் வழக்குக் கட்டு, அரசு வழக்கறிஞர் அலுவலகத்திற்கும், அங்கிருந்து நீதிமன்றத்திற்கும் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் செல்ல வேண்டும். ஒரே வாக்குமூலத்திற்குப் பல படிகள் எடுக்கப்படும். ஒரு படி வழியில் தங்கினாலும் வழக்கு ஒத்திவைக்கப்படும். சாட்சி மீண்டும் ஒரு நாள் வேலையை விட்டு வருவார். குற்றஞ்சாட்டப்பட்டவர் மேலும் சில வாரங்கள் காவலில் இருப்பார். இதனைத் தாளின் குறை என்று மட்டும் கொள்ளாது, நீதி தாழ்ந்து வருவதன் ஒரு காரணமாகவே கொள்ள வேண்டும்.

மாற்றத்தின் படிகள்

மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. 2000களின் தொடக்கத்தில் வழக்கு விவரங்களைப் பதியும் கணினி முறை வந்தது. எனினும் நீதிமன்றத்திற்குச் சென்றது தாளே. 2012ஆம் ஆண்டளவில் காவல் துறையிலிருந்து கோப்புகள் மின்வழியே வரத் தொடங்கின. வழக்கறிஞர்கள் கைக்கணினியுடன் மன்றம் ஏறினர். கடுங்குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் நீதிமன்றங்களில் நீதிபதியும் இருதரப்பு வழக்கறிஞரும் ஒரே மின்கோப்பைக் காணும் முறை 2016ஆம் ஆண்டுக்குள் பரவியது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது, வழக்குகள் அறவே நின்றுவிடாமல் காணொலி வழியே ஓரளவேனும் தொடர இதுவே துணை நின்றது.

அதே 2020இல் காவல் துறை, அரசு வழக்கறிஞர், நீதிமன்றம் ஆகிய மூன்றையும் இணைக்கும் பொதுத்தளம் ஒன்று நீதிமன்றங்களில் அறிமுகமாயிற்று. அங்குள்ள 43 வட்டாரக் காவல் படைகளும் தத்தமக்கெனக் கணினி முறைகளைக் கொண்டிருந்தமையால் இணைப்பு எளிதாக அமையவில்லை. புதிய தளத்தால் பணிச்சுமை மிகுந்தது எனக் கூறி 2022இல் நீதிமன்றப் பணியாளர் ஒரு பிரிவினர் வேலைநிறுத்தமும் செய்தனர். கருவியைக் கையாள்வோரைக் கேளாமல் கருவியைப் புகுத்துதல் கூடாது என்பதற்கு இது சான்று.

இரு பெருஞ்சிக்கல்கள்

முதலாவது, அளவின் பெருக்கம். அரசுத் தரப்பு, தன் வழக்கைத் தளர்த்தக்கூடியவற்றையும் எதிர்த்தரப்புக்கு உதவக்கூடியவற்றையும் வெளிப்படுத்த வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கடமை. தாள் காலத்தில் ஓர் அலமாரியைத் தேடினால் போதும். இன்றோ ஒரு கைபேசியே ஒரு நூலகத்தின் அளவு எழுத்தைத் தாங்குகிறது. 2017 டிசம்பரில் லண்டனில் பாலியல் குற்றம் சாட்டப்பட்ட மாணவர் ஒருவரின் வழக்கு, விசாரணை தொடங்கிய சில நாள்களில் கைவிடப்பட்டது. புகார் கூறியவரின் கைபேசியிலிருந்து எடுக்கப்பட்ட ஏறத்தாழ 40,000 செய்திகள் காவல் துறையிடம் இருந்தும், அவை எதிர்த்தரப்பின் கைக்கு வந்தது அப்போதுதான். அதன்பின் 2018இல் பாலியல் கடுங்குற்ற வழக்குகள் 3,637 மீளாய்வு செய்யப்பட்டன. வெளிப்படுத்தற் குறை காணப்பட்ட 47 வழக்குகள் நிறுத்தப்பட்டன. சேமித்து வைத்தல் வேறு, படித்து உணர்தல் வேறு என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

இரண்டாவது, பாதுகாப்பு. பாதிக்கப்பட்டோரும் சாட்சிகளுமாக 43 பேரின் காணொலி வாக்குமூலங்கள் அடங்கிய மடிக்கணினிகள், ஒப்பந்தப் பணியாற்றிய ஒரு படத்தொகுப்பகத்திலிருந்து களவாடப்பட்டன. இதற்காக 2015இல் அத்துறைக்கு 2,00,000 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது. குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளான 15 பேரின் வாக்குமூலங்கள் அடங்கிய, மறையாக்கம் செய்யப்படாத குறுவட்டுகள் தொலைந்ததற்காக 2018இல் 3,25,000 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது. துயருற்றோர் நம்பி உரைத்த சொல் அரசிடம் ஒப்படைத்த அடைக்கலப் பொருளாகும். அது தாளில் இருப்பினும் வட்டில் இருப்பினும் காக்கும் கடமை ஒன்றே.

நமக்குரிய பாடம்

நம் நாட்டிலும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, குற்ற விசாரணைகளை மின்னணு வழியில் நடத்த இடமளிக்கிறது. ஆதலின் இவ்வரலாறு அயலார் கதையன்று. கணினி அறியாத முதியவரும், வழக்கறிஞரை அமர்த்த இயலாத ஏழையும் தம்மீது சாட்டப்பட்டது இன்னதென்பதைத் தம் மொழியில், தமக்கு இயலும் வடிவில் அறிய வேண்டும். அதற்குத் தாள் தேவையெனில் தாளே தரப்படுதல் வேண்டும். சட்டமும் கணினியும் பயிலும் நம் மாணவர், விரைவை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாது, ஓர் அப்பாவியைக் காக்கும் சான்று உரிய காலத்தில் உரியவர் கண்ணிற் படுகிறதா என்பதையே அளவுகோலாகக் கொள்வாராக. அவ்வளவுகோலில் தேறும் மாற்றமே நீதிக்குத் துணையாகும்.