இரண்டு நாள் பத்தியமும் மூன்று மாதக் கணக்கும்

சர்க்கரை பார்க்கப் போகுமுன் இரண்டு நாள் இனிப்பைத் தொடாமல், இரவுச் சோற்றையும் பாதியாக்கிக்கொள்கிறவர்கள் கருவேப்பிலங்குறிச்சியிலும் உண்டு, விருத்தாசலத்திலும் உண்டு. வெறும் வயிற்றில் 110 என்று வரும், வீடே நிம்மதியாகிவிடும். அதே ஆளுக்கு எச்பிஏ1சி பார்த்தால் 9 சதவீதம் இருக்கலாம். அதாவது, கடந்த மூன்று மாதங்களாக அவருடைய சராசரிச் சர்க்கரை ஏறக்குறைய 212.

இரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை தானாகவே போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது, அந்த அணு சாகும்வரை பெரும்பாலும் விலகாது. அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இப்படி ஒட்டியதன் அளவுதான் எச்பிஏ1சி. எனவே இரண்டு நாள் பத்தியத்தால் அது அசையாது. ஆனால் கடைசி ஒரு மாதத்துக்கு இதில் ஏறத்தாழ பாதிப் பங்கு உண்டு. நீரிழிவு உள்ளவர்களின் ஹீமோகுளோபின் வேறுபடுவதை 1960களின் இறுதியில் தெஹ்ரானில் கண்டறிந்தவர் சாமுவேல் ரஹ்பர்.

கிராமத்துக்கு இதெல்லாம் எட்டுமா என்பதற்குச் சூணாம்பேடு பதில் சொல்லிவிட்டது. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில், 2006இல், நீரிழிவு மருத்துவர் வி. மோகன் குழுவினர் சுற்றியுள்ள 42 கிராமங்களுக்கு வேனிலேயே போனார்கள். விழித்திரையைப் படமெடுத்து, செயற்கைக்கோள் வழியே சென்னைக்கு அனுப்பினார்கள். நீரிழிவு உள்ளவர்களின் சராசரி எச்பிஏ1சி ஒரே ஆண்டில் 9.3இலிருந்து 8.5க்கு இறங்கியது. 0.8தானே என்று நினைக்க வேண்டாம். ஒரு சதவீதம் குறைந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்ச் சிக்கல்கள் 37 சதவீதம் குறைவாக இருந்ததை, 2000இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் வீட்டு வாசலுக்கே வந்து விரல் நுனியில் சர்க்கரை பார்க்கிறது. பெரிய காரியம்தான். ஆனால் அது காட்டுவது அந்த நிமிடத்துச் சர்க்கரையை மட்டுமே. ஆண்டுக்கு இரண்டு முறையாவது எச்பிஏ1சியும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பேன். இதற்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் போதும். வேலை முடிந்து சாயங்காலம் போயும் கொடுக்கலாம்.

நம் பெண்கள் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைந்தால் எச்பிஏ1சி இருப்பதைவிட ஏறிக் காட்டலாம். இரத்தம் ஏற்றிக்கொண்டாலோ, அணுக்கள் சீக்கிரம் சிதைந்தாலோ இறங்கிக் காட்டலாம். ஆகவே அதே குழாயில் ஹீமோகுளோபின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் குறைந்திருந்து எச்பிஏ1சியை நம்ப முடியவில்லையென்றால் ஃப்ரக்டோசமைன் சோதனை இருக்கிறது. அது கடந்த இரண்டு மூன்று வாரக் கணக்கைச் சொல்லும், சிவப்பணுவை நம்பியிராமல்.